மாவத்தல் ஏன் இப்படி ஆனது? கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

மாங்காயை நறுக்கி உப்புப் போட்டுக் காயவைப்பதுதான் மாவத்தல். சித்திரையில் போட்ட மாவத்தலை ஐப்பசி மழைக்குத் திறந்து பார்க்கும்போதுதான் நம் வீடுகளில் பஞ்சாயத்து ஆரம்பிக்கும். மேலே வெள்ளையாக ஏதோ பூத்திருக்கும், இல்லை அடியில் நீர் விட்டுப் பிசுபிசுவென்று ஒட்டிக் கிடக்கும், இல்லை பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தும் தட்டப்பயிறுக் குழம்பில் போட்டால் புளிப்பே இறங்காது. உடனே ஜாடியைக் குறை சொல்வோம், மழையைக் குறை சொல்வோம். இத்தனை வருசமாகப் போட்டுப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது, கோளாறு கண்ணில் படுவதுதான் ஐப்பசியில், அது நடந்தது காயவைத்த அந்த ஒரு வாரத்தில், அதுவும் பெரும்பாலும் பகலில் இல்லை, ராத்திரியில். கொங்கு வெயிலைப் பற்றிக் கவலையே வேண்டாம். மேற்கு மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவில் இருக்கிறோம், காங்கேயம், தாராபுரம் பக்கத்துப் பங்குனி சித்திரை வெயிலுக்குக் காயாத பொருள் கிடையாது. பகலில் காய்ந்ததை ராத்திரி எப்படி வைத்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் கீழே எந்தக் கோளாறைப் பார்த்தாலும், அந்த வாரத்து ராத்திரிகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

முதலில் நான் போடும் முறையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் பேசுவது அப்போதுதான் பிடிபடும். நறுக்கின மாங்காய்த் துண்டு ஒரு கிலோவுக்குக் கல்லுப்பு 100 கிராம், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன். சுண்டுவிரல் கனத்தில் பாதி இருந்தால் போதும், அதற்கு மேல் தடிமன் வேண்டாம். உப்பும் மஞ்சளும் பிசிறி பீங்கான் ஜாடியிலோ மண்சட்டியிலோ ஒரு ராத்திரி வைத்தால் காலையில் நீர் விட்டு நிற்கும். துண்டுகளை மட்டும் எடுத்துக் காயவைத்து, பொழுதோட, அதாவது சாயங்காலம், திரும்ப அதே உப்பு நீரில் போடவேண்டும். இரண்டு மூன்று நாளில் அந்த நீர் பூராவும் துண்டுக்குள் போய்விடும். அப்புறம் ஐந்தாறு நாள் வெறும் வெயில். கொங்கணக் கரையில் கோகம் பழத்தின் தோலையும் இப்படித்தான் அதன் சாற்றிலேயே திரும்பத் திரும்ப நனைத்துக் காயவைக்கிறார்கள். சாற்றோடு போகிற புளிப்பைத் திரும்பப் பிடித்து உள்ளே அனுப்புகிற வேலை இது.

சரி, இனி கோளாறுகளுக்கு வருவோம்.

மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது

இதைப் பார்த்ததும் பாதிப் பேர் மொத்தத்தையும் கொட்டிவிடுகிறார்கள், மீதிப் பேர் துடைத்துவிட்டு வெயிலில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். இரண்டுமே தப்பாகலாம், ஏனென்றால் வெள்ளையில் இரண்டு வகை உண்டு.

ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பொடிப்பொடியாக, மணல் மாதிரி மின்னினால் அது உப்பு. துண்டு காயக்காய உள்ளே இருந்த உப்பு நீரோடு மேலே வந்து பரலாகப் படிகிறது, அவ்வளவுதான். மின்னாமல் மங்கலாக, பஞ்சு ஒட்டின மாதிரியோ மெல்லிய மயிர் மாதிரியோ இருந்தால் பூஞ்சை. போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். சந்தேகம் தீரவில்லையா, அந்த வெள்ளையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து காணாமல் போகும், பூஞ்சை நனைந்து படிந்து அங்கேயே நிற்கும். சந்தேகம் இருக்கும்போது நாக்கில் வைத்துப் பார்க்கவேண்டாம். மூடியைத் திறந்த நொடியில் வரும் வாசனையும் சொல்லிவிடும், நல்ல வத்தல் மூக்கில் சுருக்கென்று ஏறும், பூஞ்சை பிடித்தது மழையில் நனைந்த சாக்கு மாதிரி இருக்கும்.

உப்பாக இருந்தால் ஒன்றும் செய்யவேண்டாம். பூஞ்சையாக இருந்தால் அந்த ஜாடி மொத்தமும் போகவேண்டியதுதான். இதைச் சொல்ல எனக்கும் மனசு வராது, ஆனால் ஒரு துண்டில் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் மற்றத் துண்டுகளில் தெரியாமல் இறங்கியிருக்கும், சில பூஞ்சைகள் விடும் நஞ்சு வெயிலில் காயவைத்தாலும் குழம்பில் கொதிக்கவைத்தாலும் போகாது. "இத்தனை உப்பு, இத்தனை புளிப்பு, இதில் எப்படிப் பூஞ்சை வரும்?" என்று கேட்பார்கள். புளிப்பு தடுப்பது பெரும்பாலும் பாக்டீரியாவை. பூஞ்சை புளிப்பைப் பொறுத்துக்கொள்ளும், அதற்கு வேண்டியது ஈரம் மட்டும்தான்.

அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கல்யாணமாகி முதல் வருசம், வைகாசியில் எட்டு கிலோ மாங்காய் அறுத்துப் போட்டிருந்தேன். ஐந்தாம் நாள் பொழுதோட திடீரென்று கோடை மழை கறுத்துக்கொண்டு வந்தது. மொட்டை மாடிக்கு ஓடிப்போய், சுடச்சுட இருந்த வத்தலை அள்ளி பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். மறுநாளும் மழை, அதனால் பிரிக்கவேயில்லை. மூன்றாம் நாள் பிரித்துக் காயவைத்தேன், நன்றாகக் காய்ந்த மாதிரியும் இருந்தது, ஜாடியில் போட்டேன். மூன்று வாரத்தில் நடுவில் பச்சையாகப் பூத்துவிட்டது. ஊரிலிருந்து வந்த அமுச்சி (அம்மாவின் அம்மா) ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "ஏங்கண்ணு, சூட்டோட மூடி வெச்சா அது வேர்த்துப் போயிருமல்ல? ஆறவெச்சு அப்புறம் மூடோணும்." கவருக்குள் வேர்த்த அந்த இரண்டு ராத்திரியே பூஞ்சைக்குப் போதுமாக இருந்திருக்கிறது, மூன்றாம் நாள் வெயிலால் அதைத் திருப்ப முடியவில்லை.

ஆகவே வெயில் இறங்கினதும் எடுங்கள், நிழலில் அரை மணி நேரம் முறத்தில் பரப்பி ஆறவிடுங்கள், அப்புறம் பருத்தித் துணியால் மூடி வீட்டுக்குள் வையுங்கள். திறந்த வெளியில் ராத்திரி விடவேண்டாம், வைகறை ஈரக்காற்றை உப்பு இழுத்துக்கொள்ளும், ஒரு பகல் வெயில் வீண்.

அடியில் நீர் விட்டுப் பிசுபிசுக்கிறது

பூஞ்சை இல்லை, வாசனை நன்றாக இருக்கிறது, ஆனால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஜாடி அடியில் பழுப்பாகக் கொஞ்சம் நீர். இதைக் காப்பாற்றிவிடலாம்.

ஒரு காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே நீர் விட ஆரம்பிக்கும். கல்லுப்பில் மக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னாலேயே கசியும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்து நாலு நாள் வெயிலே காணாத சமயத்தில், ஈரக் கரண்டியை விட்டு, மூடியைப் பாதி திறந்து வைத்தால் மாவத்தல் நீர் விடாமல் என்ன செய்யும்? பரப்பி ஒரு நாள் நல்ல வெயில் காட்டி, ஆறவைத்து, மூடி இறுக்கமாக உள்ள கண்ணாடி ஜாடிக்கு மாற்றுங்கள். வருசத்துக்கு ஒரே பெரிய ஜாடி வைக்காமல், மாசத்துக்கு வேண்டியதைச் சின்ன ஜாடியில் எடுத்து வைத்துக்கொண்டால் பெரிய ஜாடி அடிக்கடி திறக்கப்படாது.

இன்னொரு காரணம் காய். செங்காய் கலந்திருந்தால் எத்தனை காயவைத்தாலும் பிசுபிசுப்பு போகாது, ஏனென்றால் மாங்காய் பழுக்கத் தொடங்கினதும் புளிப்பு குறைந்து சர்க்கரை ஏறுகிறது, சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அறுக்கும்போதே உள்ளே வெள்ளையாக இல்லாமல் மஞ்சளோடினால் அதைத் தனியே எடுத்துப் பச்சடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிளிமூக்கு மாங்காயும் மாவத்தலுக்கு அவ்வளவு நல்லதில்லை, பச்சையாக உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்ன அதைப்போல வராது, ஆனால் புளிப்பு போதாது. பல் கூசுகிற நாட்டு மாங்காய்தான் வேண்டும், நார் இருந்தாலும் பரவாயில்லை.

மேலே கட்டையாக இருக்கிறது, பிட்டால் உள்ளே மெத்தென்று இருக்கிறது

இதுதான் ஏமாற்றுகிற கோளாறு. தட்டினால் சத்தம் கேட்கிறது, கையில் ஒட்டவில்லை, காய்ந்துவிட்டதென்று எடுத்து வைக்கிறோம், உள்ளே இருக்கும் ஈரம் மெதுவாக வெளியே வந்து மாசம் கழித்து நடுவிலிருந்து கெடுக்கிறது.

துண்டு தடிமனாக இருந்து, முதல் நாளே கொதிக்கிற இடத்தில் காயவைத்தால் இப்படி ஆகும். தகரக் கூரை மேலோ, மத்தியான வெயிலில் சுடும் சிமெண்ட் தரையிலோ நேராகப் போட்டால் மேல்தோல் சட்டென்று இறுகி, உள் ஈரம் வெளியே வர வழியில்லாமல் போய்விடுகிறது. கயிற்றுக் கட்டிலில் பழைய வேட்டியை விரித்து அதன்மேல் போட்டால் கீழேயும் காற்று போகும், இரண்டு பக்கமும் சமமாகக் காயும். கோரைப் பாயும் நல்லதுதான். பிளாஸ்டிக் தார்ப்பாய் மட்டும் வேண்டாம், துண்டுக்கு அடியில் நீர் தேங்கும்.

இப்போது கையில் இருப்பதை என்ன செய்வது? பூஞ்சை வாடை இல்லையென்றால் மொத்தத்தையும் மூடின பாத்திரத்தில் ஒரு ராத்திரி வையுங்கள், உள் ஈரம் வெளியே வந்து மேல்தோல் கொஞ்சம் இளகும். காலையில் தடித்த துண்டுகளை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் மட்டும் இரண்டு மூன்று நாள் காயவையுங்கள். இங்கே மூடி வைப்பது ஆறின பிறகு, ஒரே ராத்திரி, காலையில் கண்டிப்பாகப் பிரிக்கவேண்டும். என்னுடைய எட்டு கிலோ கதையை மறக்கவேண்டாம்.

காய்ந்ததா என்று பார்க்க இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒன்று தராசு. ஒரு தட்டு வத்தலைத் தினமும் பொழுதோட எடை போட்டு எழுதி வைப்பேன், அடுத்தடுத்த இரண்டு நாள் எடை மாறவில்லையென்றால் காய்ந்துவிட்டது. இன்னொன்று கண்ணாடி ஜாடி. ஆறின வத்தலை முக்கால் ஜாடி போட்டு மூடி ஒரு வாரம் கண்ணில் படுகிற இடத்தில் வைத்து, தினமும் ஒருமுறை குலுக்கிவிடுவேன். கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தாலோ துண்டுகள் ஒட்டினாலோ திரும்ப வெயிலுக்குப் போகும். கலகலவென்று சத்தம் மாறாமல் இருந்தால்தான் அலமாரிக்கு. இந்த ஒரு வாரம் ஜாடியைக் கவனித்தால் ஐப்பசியில் வரும் தலைவலியில் பாதி வராது.

கறுத்துப்போய்விட்டது

லேசான பழுப்பு கோளாறே இல்லை, அது மாவத்தலின் நிறம். வருசம் ஆக ஆக இன்னும் கறுக்கும். புளியும் அப்படித்தான், மாசி பங்குனியில் தட்டி வந்த புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும், மறுவருசம் கறுத்துவிடும், நம் ஊரில் அந்தப் பழைய புளியைத்தான் குழம்புக்குத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

காயவைக்கும்போதே மை மாதிரி கறுத்தால்தான் பார்க்கவேண்டும். மாங்காயை அறுத்ததும் வெட்டு வாயில் காற்றுப் பட்டு, காய்க்குள் இருக்கும் நொதி வேலை செய்து நிறம் மாறுகிறது. இரும்பு அரிவாள்மனையில் அறுத்தால் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து இன்னும் கறுப்பு. எட்டு பத்து கிலோ மொத்தமும் அறுத்து முடித்துவிட்டு உப்புப் போடலாமென்று இருந்தால் முதலில் அறுத்தது அதற்குள் கறுத்திருக்கும். ஸ்டீல் கத்தியில் அறுத்து, ஒவ்வொரு கிலோவுக்கும் உடனே உப்பும் மஞ்சளும் பிசிறிவிடுங்கள். நிறம் ரொம்ப முக்கியமென்றால் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிசம் போட்டு எடுத்தால் நொதி அடங்கிவிடும், ஆனால் புளிப்பும் கொஞ்சம் தண்ணீரோடு போகும், நான் செய்வதில்லை.

அங்கங்கே மட்டும் கறுப்புத் திட்டு இருந்தால் அது காற்றுக்கு உதிர்ந்த காயில் அடிபட்ட இடம். உதிர்ந்த காயைப் பொறுக்கி வத்தல் போடுவது நல்ல பழக்கம்தான், அடிபட்ட பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டுப் போடுங்கள்.

சாராய வாடை வருகிறது

நறுக்கி உப்புப் பிசிறின பிறகு மானம் மூடிக்கொண்டு வெயில் இல்லாமல் போய், துண்டுகள் பாதி நீரிலும் பாதி வெளியிலுமாக இரண்டு நாள் கிடந்தால் நொதித்து இந்த வாடை வரும். நீரில் குமிழ் விடும், மேலே வெள்ளையாக ஆடை படியும். கொழகொழத்துவிட்டால் கொட்டிவிடுங்கள். வெறும் வாடை மட்டும் லேசாக இருக்கிறது, துண்டு கெட்டியாக இருக்கிறதென்றால் பழைய நீரை வடித்து, புதிதாகத் திக்கான உப்புத் தண்ணீரில் அலசி, அன்றைக்கே காயவைக்கவேண்டும். வெயில் வரும் வழியைக் காணோமென்றால் துண்டுகள் உப்பு நீரில் முழுசாக மூழ்கும்படி மேலே ஒரு பீங்கான் தட்டை வைத்து அமுக்கி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மூன்று நாள் தாங்கும்.

புழு, மெல்லிய நூல் பின்னல்

ஜாடிக்குள் துண்டுகளை நூலாம்படை மாதிரி ஏதோ பின்னியிருந்தால் அந்துப்பூச்சியின் புழு. முட்டை காயவைத்தபோதோ, சாக்கு, தானியம் வைத்த அறையில் வைத்தபோதோ வந்திருக்கும். புழு வைத்ததை எறிந்துவிடுங்கள். அதே நாளில் போட்டு வேறு ஜாடியில் வைத்தது நன்றாக இருந்தால், அதைக் காற்றுப் புகாத பையில் கட்டி நான்கு நாள் ஃபிரீசரில் வையுங்கள், முட்டை இருந்தால் செத்துவிடும். எடுத்ததும் பையைப் பிரிக்கவேண்டாம், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரிக்கவேண்டும், இல்லையென்றால் குளிர்ந்த துண்டின்மேல் நீர் பூத்துத் திரும்ப ஈரமாகிவிடும். வேப்பிலையும் வரமிளகாயும் ஜாடியில் போடும் பழக்கம் உண்டு, போடுங்கள், அதை மட்டும் நம்பி மூடியைத் தளர்வாக விடவேண்டாம்.

பல்லில் மண் நெறிபடுகிறது

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசுகிற காற்று ஆனி ஆடியில் நம் பக்கம் புழுதியை வாரி இறைக்கும். அதற்கு முன்னால், வைகாசிக்குள் வேலையை முடித்துவிடுவது நல்லது. தப்பினால் மேலே மெல்லிய வேட்டித் துணி கட்டிக் காயவையுங்கள், ஈக்கும் அதுவே காவல். மண் ஏறிவிட்ட வத்தலை உப்புத் தண்ணீரில் ஒரே அலசு அலசி உடனே வெயில் காட்டுங்கள், ஊறவிடக்கூடாது.

கசக்கிறது

மூன்று இடத்தைப் பாருங்கள். காம்புப் பக்கத்துப் பால் வடியாமல் அறுத்தீர்களா? காயைப் பறித்துக் காம்பைக் கிள்ளி, தலைகீழாகக் கொஞ்ச நேரம் வைத்துக் கழுவின பிறகுதான் அறுக்கவேண்டும், அந்தப் பால் கையில் பட்டாலே சிலருக்குப் புண்ணாகும். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு துண்டோடு ஒட்டி வந்திருக்கிறதா? இளங்கொட்டையோடு அறுப்பது சரி, உள்பருப்பை எடுத்துவிடவேண்டும். இரண்டும் இல்லையென்றால் அடுப்பில் நடந்தது. எண்ணெயில் தாளிக்கும்போது கடுகோடு வத்தலையும் போட்டு வறுத்தால் காய்ந்த துண்டு கண் மூடித் திறப்பதற்குள் கருகிக் கசந்துவிடும். வெந்தயம் கருகினாலும் பழி வத்தல் மேல்தான் விழும்.

குழம்பில் போட்டால் புளிப்பு இறங்கவில்லை, பயிறும் வேகவில்லை

போன வருசம் என் நங்கையா இதைத்தான் கேட்டாள், குக்கரில் தட்டப்பயிறு, கத்திரிக்காய், மாவத்தல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஆறு விசில் விட்டிருக்கிறாள், பயிறு கல்லாக நிற்கிறது. பயிறு பழசு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவிருந்தாள்.

புளிப்பு இருக்கும் தண்ணீரில் பயிறு வேக மறுக்கும். பயிற்றின் தோலையும் உள்ளே இருப்பதையும் சேர்த்துப் பிடித்திருக்கும் சத்து அமிலத்தில் கரையாது. அதோடு நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் வேறு. பல்லடம், அவினாசிப் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீரில் பயிறு வேகவே வேகாது, அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து தோலை இறுக்கிவிடும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் அதே பயிறு மளமளவென்று வெந்துவிடும். குடிக்கிற நல்ல தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, அதிலேயே வேகவையுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். ஊறின தட்டப்பயிறை வெறுமனே வேகவைத்து, இரண்டு விரலுக்கிடையில் அழுத்தினால் மாவாக நசுங்குகிறதா என்று பாருங்கள். அதுவரை உப்பு, புளிப்பு எதுவும் கிட்டே வரக்கூடாது. அந்த நேரத்தில் ஒரு கப் பயிறுக்கு ஏழெட்டு மாவத்தல் துண்டைச் சுடுதண்ணீரில் இருபது நிமிசம் ஊறவையுங்கள். முதலில் நீர் வெறும் மஞ்சளாக இருக்கும், அப்புறம் துண்டின் ஓரம் பருத்துச் சுருக்கம் விரியும், நகத்தால் அழுத்தினால் தடம் பதியும், அப்போது தயார். சின்ன வெங்காயம் வதக்கி, கத்திரிக்காயை எண்ணெயில் புரட்டி, அது முக்கால் வேக்காடு ஆனதும் வெந்த பயிறையும் ஊறின வத்தலையும் ஊறின தண்ணீரோடு சேர்த்து ஊற்றுங்கள். அடியில் மண் படிந்திருந்தால் வடிகட்டிக்கொள்ளுங்கள், ஆனால் கொட்டவேண்டாம், பாதிப் புளிப்பு அதில்தான் இருக்கிறது. மல்லியும் வரமிளகாயும் தேங்காயும் அரைத்த விழுதை ஊற்றி, கொதி வந்த பிறகு தீயைக் குறைத்துப் பத்து நிமிசம் விடவேண்டும். புளிக்கரைசல் ஊற்றின உடனே குழம்பில் கலந்துவிடும், மாவத்தல் துண்டிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும், அதனால் இறக்கும்போது கொஞ்சம் குறைவாகத் தெரிந்தால் சரியாக இருக்கிறதென்று அர்த்தம். மறுநாள் பழைய குழம்பைக் களிக்கு ஊற்றும்போதுதான் அதன் முழுப் புளிப்பும் தெரியும். எனக்கு அந்த இரண்டாம் நாள் குழம்புதான் மாவத்தல் குழம்பு.

இரும்புச் சட்டியிலும் அலுமினியப் பாத்திரத்திலும் இதை வைக்கவேண்டாம். இரும்பில் குழம்பு கறுத்து நாக்கில் ஆணி வைத்த மாதிரி ஒரு சுவை வரும், அலுமினியத்தைப் புளிப்பு அரிக்கும். மண்சட்டியோ ஸ்டீலோ போதும். ஜாடியிலும் இதே கதைதான், உப்பும் புளிப்பும் சேர்ந்து தகர மூடியைத் துருப்பிடிக்க வைக்கும், உள்பக்கம் ஒரு வாழையிலைச் சருகோ துணியோ கட்டினால் தாங்கும்.

உப்புக் கரிக்கிறது

குழம்புக்கு முதலில் உப்புப் போட்டுவிட்டு அப்புறம் வத்தல் போட்டால் இப்படித்தான் ஆகும். வத்தல் கொதித்த பிறகு ருசி பார்த்து உப்புப் போடுங்கள், பெரும்பாலும் அரை உப்பே போதும். கரித்துவிட்டால் இன்னும் கொஞ்சம் வெந்த பயிறை மசித்து ஊற்றுங்கள். இரத்த அழுத்தம் இருக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் வத்தலை முதல் ஐந்து நிமிசம் தனித் தண்ணீரில் ஊறவைத்து அதை மட்டும் கொட்டிவிட்டு, மறு தண்ணீரைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம், புளிப்பு கொஞ்சம் குறையும்.

மாவத்தல் இல்லை, கடையில் வேறு புளிப்பு வாங்கி வந்தேன், சரியாக வரவில்லை

பொள்ளாச்சி, கோயம்புத்தூர்க் கடைகளில் குடம்புளி சாதாரணமாகக் கிடைக்கிறது, மலைக்கு அந்தப் பக்கம் மீன் குழம்புக்குப் போடுவது. கறுப்பாக, புகை வாடையோடு இருக்கிறதென்று கெட்டுப்போனதாக நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கெடவில்லை, காயவைத்துப் புகை காட்டித்தான் அதைத் தயார் செய்கிறார்கள். புளி மாதிரி கரைத்துப் பிழிந்தாலும் வராது, அது பழத்தின் தோல், கரைகிற பொருள் இல்லை. கழுவி ஊறவைத்து அப்படியே குழம்பில் கொதிக்கவிட்டு, புளிப்பு போதுமானதும் துண்டை எடுத்துவிடவேண்டும்.

கோகம் போட்டால் தண்ணீர் செக்கச்செவேலென்று ஆகிறதே என்று பயப்படவேண்டாம், தோலின் இயல்பான சாயம்தான் அது. கோவாவிலும் கொங்கணத்திலும் அந்தச் சாற்றைத் தேங்காய்ப் பாலோடு கலந்து சோற்றுக்கு மேல் குடிக்கிறார்கள். நம் பயிறுக் குழம்பில் போட்டால் புளிப்பு சரியாக இருக்கும், நிறம் மட்டும் வேறு மாதிரி வரும்.

ஆம்சூர் என்று வடக்கே இருந்து வரும் தூள் நம் மாவத்தலின் பங்காளி, உப்பில்லாமல் காயவைத்து அரைத்த மாங்காய். அதை முதலிலேயே எண்ணெயில் போட்டு வதக்கினால் கருகும். இறக்குவதற்கு முன்னால் தூவவேண்டும். கட்டி கட்டியாகிவிட்டால் ஈரம் ஏறியிருக்கிறது, உதிர்த்து வெயில் காட்டினால் சரியாகும், வாடை மாறியிருந்தால் வேண்டாம்.

போன வருசத்து வத்தல் மீதி இருக்கிறது

நன்றாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், புதுசைவிட நிறம் கறுத்து வாசனை கொஞ்சம் அடங்கியிருக்கும், இரண்டு துண்டு கூடப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் புது வத்தலை அதே ஜாடியில் மேலே கொட்டவேண்டாம். பழசில் கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது இருந்தால் புதுசுக்கும் வரும். பழசைத் தனிச் சட்டிக்கு மாற்றி, ஜாடியைச் சுடுதண்ணீரில் கழுவி, ஒரு பகல் பூரா வெயிலில் கவிழ்க்காமல் வாய் மேலே பார்க்க வைத்து, ஆறின பிறகு புதுசைப் போடுங்கள்.